ஹோஸின் மறுமுனை

மழைக்காலத்தில் வடசென்னைக்காரரிடம் "ரோடு சரியாயிடுச்சு" என்று சொல்லிப் பாருங்கள். தண்ணி எங்க போச்சு என்றுதான் முதலில் கேட்பார்.

ஐப்பசி, கார்த்திகையில் மோட்டார்கள் வந்து இறங்கும். டீசல் புகை, யானைத் தும்பிக்கை மாதிரி ஹோஸ். முதலில் சுரங்கப்பாதை, அப்புறம் பஸ் போகும் ரோடு, கடைசியில்தான் உள்தெரு. வரிசை தப்பில்லை. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணி நின்றால் ஆம்புலன்ஸும் சேர்ந்துதான் ஊரைச் சுற்றும்.

கனடாவில் பனி அகற்றுவதற்கும் ஏறக்குறைய இதே வரிசை. அங்கே இருக்கும் சித்தி பையன் போனில் புலம்பினான்: "ரோட்டை வழிச்சிட்டுப் போயிடறாங்க. வழிச்சதெல்லாம் என் வாசல்ல கெடக்குது." சிரித்துவிட்டேன். எங்க கதையும் அதுதான். என்ன, பனி தள்ளிய இடத்தில் கிடக்கும். தண்ணி கிடக்காது.

எங்க பக்கம் தரை தட்டை. பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆறு எல்லாம் எண்ணூர் முகத்துவாரத்தில்தான் கடலைப் பார்க்கும். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் அது தண்ணியை வாங்காது. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருந்தால் இன்னும் மோசம். நிரம்பி நிற்கும் கால்வாயில் ஹோஸைப் போட்டால், இறைத்தது இன்னொருவர் வீட்டுப் பாத்ரூம் வழியாக மேலே வரும். அதனால் தெருவில் சண்டை மோட்டாருக்கு இல்லை, ஹோஸின் மறுமுனைக்குத்தான்.

"ணா, அந்தாண்ட போடுணா."

"அந்தாண்டதான் எங்கம்மா வூடு கீது."

2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. மணலித் தொழிற்சாலைப் பகுதியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகம் வரை. வீட்டுச் சுவர்களில் வெள்ளம் நின்ற உயரத்துக்குக் கறுப்புக் கோடு. ஊரில் பஸ் ஓட ஆரம்பித்த பிறகும் மீனவர்கள் படகில் நின்று மக்காலும் பக்கெட்டாலும் எண்ணெய் அள்ளிக்கொண்டிருந்தார்கள். பனி வழிக்கும் நாட்டில் அதற்கென்று வண்டி இருக்கிறது. இங்கே முதலில் இறங்கியது குளிக்கிற மக். அள்ளியவர்களுக்கு வலைகளும் போயின, அந்த மாசத்துப் பொழப்பும் போச்சு.

கொசஸ்தலை வடிநிலத்தில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் மழைநீர் வடிகால் கட்டும் வேலை நடக்கிறது. வேண்டியதுதான், முழங்கால் தண்ணியில் ஸ்கூல் போன யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். எனக்கு மேப்பில் அது போய் முடியும் இடத்தைப் பார்க்கிற பழக்கம். கொசஸ்தலை கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால், காட்டுக்குப்பத்துக்காரர்கள் இறாலுக்கு வலை போடுகிற இடம் அது.