வெள்ளகோவில் கொறங்காடு

காங்கயத்திலிருந்து கரூர் போகும் பஸ்ஸில் வெள்ளகோவில் பக்கம் போயிருக்கிறீர்களா, சகோதரிகளே? சாலையின் இரு பக்கமும் வேலி கட்டிய வெறுங்காடாகத் தெரியும். தரிசு என்று எண்ணிவிடாதீர்கள். அதற்குக் கொறங்காடு என்று பெயர். காங்கயம் மாடுகளின் தாய்வீடு அதுதான்!

இங்கே மழை குறைவு. கரிசல் உள்ள இடங்களில் களிமண் மழைக்குக் காலில் அப்பும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஆனாலும் ஈரத்தைப் பிடித்து வைப்பதால் சோளம், பருத்தி வரும். ஈரம் தங்காத சரளை மேடுகளைப் பெரும்பாலும் மேய்ச்சலுக்கு விட்டுவிடுகிறார்கள்.

கீழே கொழுக்கட்டைப்புல், மேலே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. கோடையில் புல் காய்ந்தாலும் வேலங்காய் ஆட்டுக்குத் தீனி. காலையில் மாட்டை உள்ளே விட்டால் காவலுக்கு ஆள் வேண்டாம். பெண்கள் வீட்டு வேலையைப் பார்க்கலாம். ஒரு காடு மேய்ந்ததும் அடுத்ததற்கு மாற்றுவார்கள். புல் மறுபடி தழைக்கும். சாணம் அங்கேயே எருவாகும். சில வருஷத்துக்கு ஒருமுறை உழுது சோளமோ கொள்ளோ விதைப்பதும் உண்டு.

வேலியோரம் நின்ற ஒரு பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். "என்னத்தைச் சொல்றது அம்மிணி! வேலியைப் புடுங்கிப்போட்டு மனை போடறாங்க. புல்லு போச்சுன்னா மாட்டை எங்க கொண்டுபோயி மேய்க்கறது?" என்றார். வேலி போனால் மாடும் போகும் என்பது அந்த ஒரு பேச்சிலேயே விளங்கியது.

சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் தேருக்குப் போனால், மாட்டுச் சந்தையையும் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். செவலையாகப் பிறக்கும் கன்று ஆறு மாதம் போலச் சாம்பல் நிறமாக மாறும் அதிசயத்தைச் சொல்லுங்கள். அப்படியே, அது தின்னும் புல் முளைக்கும் காட்டையும் காட்டிவிட்டு வாருங்கள்.