படமெடுத்த முகமும் வரைந்த முகமும்

(ஞா. தே., இரண்டாம் ஆண்டு, தமிழ் ஆனர்ஸ்)

விளையாட்டு என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில், அது சிறுவர்க்கே உரியதென்றும் ஆராயத் தக்க பொருளன்றென்றும் கருதுவார் பலர். தமிழ் பயிலும் மாணவன் ஒருவன் வீடியோ விளையாட்டைப் பற்றி நம் கல்லூரி மலரில் எழுதப் புகுந்தால், "இவனுக்கு வேறு பொருள் கிடைத்திலதோ?" என்று ஆசிரியப் பெருமக்கள் நகைக்கவுங் கூடும். ஆயினும், கூத்தும் நாடகமும் ஆராய்ச்சிக்குரியன என்றால், பார்ப்பவனே நடத்துபவனாகவும் அமையும் இப்புதிய கூத்து மட்டும் அதற்குப் புறம்பாதல் யாங்ஙனம்? ஆதலின் துணிந்து எழுதுகின்றேன்.

கணிப்பொறியில் ஆடப்பெறும் விளையாட்டுக்களிற் பெரும்பாலானவை வரைந்த உருவங்களைக் கொண்டவை. ஓவியனும் பொறிவல்லோனும் சேர்ந்து ஒரு வீரனை ஒருமுறை ஆக்கிவிட்டால், ஆடுபவன் விரும்பும் திசையிலெல்லாம் அவன் நடப்பான், தாவென்றால் தாவுவான். மற்றொரு வகை, மெய்யான மனிதரைக் காமிராவின் முன் நிறுத்திச் சலனப் படமாக எடுத்து, அப்படத் துணுக்குகளையே விளையாட்டாகத் தொடுப்பது. இவ்விரண்டாம் வகையைப் பற்றியதே இக்கட்டுரை.

இதன் தோற்றம் கணிப்பொறிகள் வீடுகளுக்கு வருமுன்னரே நிகழ்ந்தது. 1967-ஆம் ஆண்டு கனடா தேசத்து மான்ட்ரியல் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில், செக்கோஸ்லோவாக்கியர் 'கினோ ஆட்டோமாட்' என்றதொரு காட்சியை அமைத்தனர். அதனை ஆக்கியவர் ராடூஸ் சின்செரா என்பவர். படம் ஓடிக்கொண்டிருக்கையில் ஒன்பது இடங்களில் நிற்கும், மேடைமேல் ஒருவர் தோன்றி, "இனி என் செய்யலாம்?" என்று அவையோரை வினவுவார். ஒவ்வோர் இருக்கையிலும் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் இருந்தன. பெரும்பான்மையோர் வாக்கின்படி படம் தொடரும். ஏழாண்டு கழித்து, 1974-இல், ஜப்பானிய நின்டெண்டோ கம்பெனியார் 'ஒயில்ட் கன்மேன்' என்னும் விளையாட்டுப் பொறியை நிறுவினர். அதில் 16 மில்லி மீட்டர்ப் படச் சுருளில் எடுக்கப்பட்ட துப்பாக்கிக்காரன் ஒருவன் திரையில் நிற்பான். அவன் கண் பளிச்சிடுங்கால் நாம் சுடவேண்டும். உரிய கணத்திற் சுட்டால் அவன் வீழும் படம் ஓடும். தாழ்த்தால் அவன் நம்மைச் சுடும் படம் ஓடும்.

இவ்விரண்டு பழைய முயற்சிகளிலேயே இக்கலையின் அடிப்படை இடர்ப்பாடும் விளங்குகின்றது. ஒன்பது இடங்களில் இருவழி பிரிந்து, பிரிந்த வழிகள் மீண்டும் கூடாவாயின், ஒன்பதாம் படியில் 512 கிளைகள் நிற்கும். முதற்படி தொடங்கிக் கூட்டினால் 1,022 துணுக்குகள் வேண்டும். துணுக்கொன்று இரண்டு நிமிடமாயினும், 34 மணி நேரப் படம் எடுத்தல் வேண்டும். அதிற் பெரும்பகுதியை எந்த அவையும் காணப் போவதில்லை. ஆகவே, கினோ ஆட்டோமாட்டில் எவ்வழியைத் தேர்ந்தாலும் இரண்டு வழியும் அடுத்த வினாவில் வந்து கூடுமாறு அமைத்திருந்தனர். முடிவும் ஒன்றே: வீடு எப்படியும் தீப்பற்றி எரியும். அவையோர் தாமே கதையை நடத்தியதாக எண்ணி எழுந்து சென்றனர். வரைந்த உருவத்தைப் புதுவழியில் நடத்துவதற்குச் செலவு சிறிது. படமெடுத்த மனிதனையோ, எடுத்த வழியிலன்றி ஓரடியும் நடத்தவொண்ணாது.

இனி, இடர்ப்பாடு இத்துணையிருந்தும் இக்கலையை மக்கள் நாடியதேன்? முகத்தினாலேயே என்பது என் கருத்து. தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியல் என ஓரியலை வகுத்து, உள்ளத்து உணர்ச்சி உடம்பின்கண் தோன்றுமாற்றை எட்டு வகையாக ஆராய்ந்தார். மெய்ப்பாடு என்னும் பெயரே இதனை விளக்கும். வரைந்த முகத்தில் ஓவியன் நினைத்தது மட்டுமே தோன்றும். மெய்ம்முகத்திலோ, நடிப்பவன் நினையாததும் தோன்றிவிடும்: இமையின் ஒரு நடுக்கம், விடை கூறுமுன் ஒரு விழுங்கல், உதட்டோரத்தில் அடங்காத ஒரு நகை.

இம்முகத்தின் வன்மையை அமெரிக்கச் சட்டமன்றமே உணர நேர்ந்தது. 'நைட் ட்ராப்' என்றொரு விளையாட்டு 1987-இல் படமாக எடுக்கப்பட்டு, அதற்கென எண்ணிய பொறி வெளிவாராமையால் கிடப்பிற் கிடந்து, 1992-இல் சேகா கம்பெனியின் குறுந்தகட்டுப் பொறியில் வெளிவந்தது. ஒரு வீட்டின் எட்டு இடங்களில் வைத்த காமிராக்களின் வாயிலாக ஆடுபவன் பார்த்திருந்து, அங்குள்ள பெண்களைத் தீயோரிடமிருந்து காத்தல் வேண்டும். ஓரறையைப் பார்க்குங்கால் பிறவறைகளில் நிகழ்வன தப்பிப் போகும் என்பதே அதன் சுவை. அவ்வாண்டே வந்த 'மார்டல் காம்பாட்' என்னும் சண்டை விளையாட்டிலும், நடிகரைப் படமெடுத்து, அப்படங்களையே உருவங்களாக்கியிருந்தனர். 1993 டிசம்பரில் லீபர்மன், கோல் என்னும் செனட்டர் இருவர் நடத்திய விசாரணையிற் பெரிதும் பேசப்பட்டவை இவ்விரண்டுமே. அதன் பயனாக, 1994-இல் விளையாட்டுக்களை வயதுக்கேற்ப வகுக்கும் குழுவொன்றை அத்தொழிலினரே அமைத்தனர். குருதி சிந்தும் வரைந்த விளையாட்டுக்கள் அதற்கு முன்னும் இருந்தன. ஆனால் மெய்யான மகளிர் திரையில் அலறக் கண்டபோதுதான் பெரியோர் நெஞ்சம் துணுக்குற்றது.

குறுந்தகடு வந்த பின்னர் இவ்வகை சிலகாலம் கொடிகட்டிப் பறந்தது. 1994-இல் வந்த மூன்றாம் 'விங் கமாண்டரில்' திரைப்பட நடிகர் மார்க் ஹாமில் நடித்தார். அது நான்கு தகடுகளில் அடங்கியது. மறு ஆண்டு வந்த 'ஃபான்டஸ்மகோரியா' ஏழு தகடுகளைக் கொண்டது. அப்படியும் இடம் போதவில்லை. ஒரு தகட்டின் கொள்ளளவு ஏறத்தாழ 650 மெகாபைட். 640-க்கு 480 புள்ளிகளுள்ள நிறப் படத்தை, வினாடிக்கு 30 வீதம், சுருக்காது வைத்தால், அரை நிமிடம் ஓடுதற்கும் அஃது ஆற்றாது. எனவே படத்தைச் சிறிதாக்கினர், நிறத்தைக் குறைத்தனர், சுருக்கிச் சுருக்கி முகங்களை மணலில் வரைந்தவை போலாக்கினர். எதன்பொருட்டு மெய்யான மனிதரைப் படமெடுத்தனரோ, அம்முகமே தெரியாது போயிற்று. அதே காலத்தில் முப்பரிமாண உருவங்கள் விரைந்து வளர்ந்தன. ஆடுபவன் நினைத்த இடமெல்லாம் செல்லலாயினான். பத்தாண்டு முடிவதற்குள் படமெடுத்த விளையாட்டுக்கள் நகைப்புக்கிடமாயின.

இதனை மீண்டும் மதிப்புறச் செய்தவற்றுள் தலையாயது, 2015-இல் சாம் பார்லோ என்னும் ஆங்கிலேயர் ஆக்கிய 'ஹெர் ஸ்டோரி.' போர்க்களமில்லை, வானவூர்தியில்லை. வீவா சீஃபர்ட் என்னும் ஒரே நடிகை காவலர் முன் அமர்ந்து விடை கூறுகின்றார். ஏழு நாள் விசாரணை 200-க்கு மேற்பட்ட துணுக்குகளாக வெட்டப்பட்டுப் பழைய கணிப்பொறியொன்றில் கிடக்கின்றது. நாம் ஒரு சொல்லை எழுதினால், அச்சொல் வரும் துணுக்குகளில் முதல் ஐந்தை மட்டும் அது காட்டும். அவற்றிற் கேட்ட சொற்களிலிருந்து அடுத்த சொல்லை நாமே ஊகித்துத் தேடல் வேண்டும். கிளைகள் பெருகும் இடர்ப்பாட்டினை இவர் கிளைகளையே அறவே விட்டொழித்துத் தீர்த்தார். நிகழ்ந்தது ஒன்றே; அதனை அறியும் ஒழுங்கு மட்டும் ஆளுக்காள் வேறு.

இதனை ஆடியபோது, எனக்கு நினைவு வந்தது சினிமாவன்று, ஏட்டுச் சுவடியே. 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிற் கொணர்ந்த சாமிநாதையரவர்கள், முறை மாறியும் முரிந்தும் கிடந்த ஏடுகளை ஒப்பு நோக்கி உழைத்ததை நாம் வகுப்பிற் பயில்கின்றோம். ஒரு சொல்லைக் கொண்டு அடுத்த ஏட்டைத் தேடுவதும், முன்பின் அறிந்து அடுக்குவதும், இல்லாத ஏட்டின் இடத்தை இல்லையென்றே ஒப்புக்கொள்வதும் பதிப்பாசிரியர் தொழில். 'ஹெர் ஸ்டோரி' அத்தொழிலை ஆடுபவன் கையிற் கொடுக்கின்றது.

விடுதியில் என் அறைத் தோழர் கணிப்பொறியியல் பயில்பவர். சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவரும் யானும் இம்முறையில் ஒரு சிறு விளையாட்டினைச் செய்யத் துணிந்தோம். நடிகர்க்குப் பொருள் கொடுக்க எங்களிடம் வகையில்லை. என் பாட்டியார் ஓய்வு பெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை. மூன்று ஊர்களிற் பணியாற்றியவர். கதை சொல்வதில் வல்லவர். கைப்பேசியைப் புத்தக அடுக்கின்மேற் சாய்த்து வைத்து, நான்கு நாட்கள் அவரை வினவினோம். 61 துணுக்குகள் தேறின. இரண்டாம் ஊரை அவர் கல்வியாண்டின் நடுவிலே விட்டு நீங்கியதேன் என்பதே ஆடுபவன் அவிழ்க்க வேண்டிய புதிர். அதற்கு விடையும் ஒரு துணுக்கில் இருந்தது. மூன்றாம் நாள் மாலை, யாங்கள் வினவாமலே, அவர் அதனைக் கூறினார்.

எல்லாம் தொடுத்தபின் பாட்டியார்க்குக் காட்டினோம். மகிழ்ந்து பார்த்தவர், அத்துணுக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "தம்பி, இதை மட்டும் எடுத்துவிடு. இதை நான் பேரனுக்குச் சொன்னேன், ஊராருக்குச் சொல்லவில்லை" என்றார். என் தோழர் திகைத்தார். "பாட்டி, இதை எடுத்துவிட்டால் புதிருக்கு விடையே இல்லையே!" என்றார். பின்பு அவரே இரண்டு வழி கூறினார். ஒன்று, பாட்டியார்க்குப் பதிலாக ஒரு கிழவியின் உருவத்தை வரைந்து, வேறு பெயரிட்டு, அதே செய்தியைச் சொல்லச் செய்தல். மற்றொன்று, இக்காலத்துப் பொறிகளைக் கொண்டு பாட்டியாரின் முகத்தையும் குரலையும் ஆக்கி, "மாற்றல் உத்தரவு வந்தது" என்று வேறொரு விடையைச் சொல்லச் செய்தல். முன்னதற்குப் பாட்டியார், "பெயர் மாறினால் கதை மாறுமோ?" என்றார். பின்னதனைக் கேட்டுச் சிரித்துவிட்டார். "நான் சொல்லாததை என் வாய் சொல்லலாமா?" என்றார்.

அத்துணுக்கினை நீக்கினோம். அதில் அவர் கூறியது யாதென ஈண்டும் எழுதேன். அதற்குப் பதிலாக, முதல் நாள் எடுத்த வேறொரு துணுக்கினை இறுதியில் வைத்தோம். "அவ்வூரை ஏன் விட்டீர்கள்?" என்று யான் வினவ, அவர் பலகணியின் பக்கம் திரும்பிப் பதினொரு வினாடி வாளா இருந்து, "நேரமாயிற்று, சாப்பிட வாருங்கள்" என்று எழுகின்றார். அவ்வளவே. ஆடுபவர் கைப்பேசி நின்றுவிட்டதென்று கருதுவரெனத் தோழர் அஞ்சி, அம்மௌனத்தைக் குறைக்க எண்ணினார். பின்னர் அவரே அதனை விட்டுவிட்டார். விடுதியிற் பன்னிருவர் இதனை ஆடினர். விடையில்லா விளையாட்டென்று குறை கூறினோர் ஐவர். ஒருவர் மட்டும், அவ்விறுதித் துணுக்கை மும்முறை பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாது வெளியே சென்று, தம் தாயாரைத் தொலைபேசியில் அழைத்தார்.

இம்முயற்சியால் யான் தெளிந்தது இது. வரைந்த உருவம் தன்னை நீக்குமாறு நம்மைக் கேளாது. அது நம் கைப்பொருள். வெட்டலாம், ஒட்டலாம், எரிக்கலாம். படமெடுத்த முகமோ பிறனொருவனுடையது. நம் வேதம் 'பிறன்' என்று சொல்லுமிடத்து, நம் கண்ணெதிரே நிற்பவனைக் குறித்தே சொல்லுகின்றது. அவன் திரையினுட் சென்றுவிட்டமையால் பிறனல்லாது போய்விடுவானோ? அவன் கொடுத்த அளவே நாம் கொள்ளத் தக்கது. படத்துணுக்கு எடுத்ததற்குமேல் ஒன்றும் சொல்லாது என்பதனை முன்பு இக்கலையின் குறையாகக் கூறினேன். எந்த முகத்தையும் எந்தச் சொல்லையும் சொல்லச் செய்யவல்ல பொறிகள் பெருகிவரும் இந்நாளில், அக்குறையே அதன் நாணயமுமாகும்.

நம் மாணவருள் காமிரா கையிலில்லாதார் இன்று அரியர். விளையாட்டொன்று செய்ய விரும்புவார் பெருஞ் செலவுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. ஓரறையும், ஒரு முகமும், பொறுமையுள்ள வினாக்களும் போதும். ஆனால் படமெடுக்குமுன் ஒருமுறை இசைவு கேளுங்கள். தொடுத்தபின் அவர்க்கே முதலிற் காட்டி மறுமுறையும் கேளுங்கள். அவர் ஒன்றை நீக்கச் சொன்னால் நீக்குங்கள். விளையாட்டு சற்றே குறைபடும். அதனை ஆடவந்தோர்க்கு அக்குறையினால் தீங்கு யாதுமில்லை.