கடுகைத் தினமும் நிறுத்துப் பார்

கும்பகோணம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அனு கண்ணுக்கு,

சித்தி எழுதுகிறேன். சித்தப்பாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. மழை விட்டு விட்டுப் பெய்கிறது, கொல்லையில் போட்ட துணி காயவே மாட்டேன் என்கிறது. உன் அம்மா நேற்று ராத்திரி போன் போட்டு, "இவளுக்கே ஒருவேளைச் சாப்பாடு ஒழுங்கா இல்லை, இதுல பூனை வேறயா" என்று ரொம்ப நேரம் புலம்பினாள். நான் கேட்டுக்கொண்டேன், எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. அப்பா போனதிலிருந்து நீ எனக்கு அனுப்புவதெல்லாம் "ம்", "சரி சித்தி", "சாப்பிட்டேன்" இவ்வளவுதான். இந்தப் பூனைக்குட்டி, உன் கடுகு, வந்த பிறகுதான் உன் குரலில் பழைய அனு கேட்கிறாள். அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷமோ அவ்வளவு பயமும் இருக்கிறது. போனில் சொன்னால் பாதி உன் காதில் ஏறாது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். சித்தப்பா பக்கத்திலேயே இருக்கிறார். கால்நடை மருந்தகத்தில் காலம் முழுக்க வேலை பார்த்தவர் இல்லையா, நான் எழுதுவதை வரிக்கு வரி திருத்திக்கொண்டு வருகிறார். படித்துவிட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வை.

முதலில் வயசு. வாட்ச்மேன் "ரெண்டு மாசக் குட்டிம்மா" என்றாராம், நீயும் அதையே பிடித்துக்கொண்டாய். நீ அனுப்பின போட்டோவைப் பெரிசு பண்ணிப் பார்த்தோம். கண் இன்னும் நீலச் சாம்பலாகவே இருக்கிறது. ஆறேழு வாரம் ஆனால்தான் குட்டிக்குக் கண்ணில் சொந்த நிறம் ஏற ஆரம்பிக்கும். வாயைத் திறந்து நீ எடுத்த போட்டோவில் கோரைப் பல் நன்றாகத் தெரிகிறது, கடைவாயில் பல் இப்போதுதான் முளை விடுகிறது. எடை 540 கிராம் என்கிறாய். இரண்டு மாதம் முடிந்த குட்டி என்றால் முக்கால் கிலோவாவது இருக்க வேண்டும். சித்தப்பா கணக்குப்படி கடுகுக்கு ஆறு வாரம்கூட முழுசாக ஆகியிருக்காது, அதற்கும் கொஞ்சம் மெலிவுதான். தாய்ப்பால் மறக்கிற வயசுக்கு முன்னாடியே தாயை விட்டு வந்துவிட்டாள். அதனால் பெரிய குட்டி என்று நினைத்து எதையும் செய்யாதே.

இனிமேல் தினமும் அவளை நிறுத்துப் பார்க்க வேண்டும். மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதே அனு. நாய்க்குட்டி என்றால் வலித்தால் முனகும், நம் காலடியில் வந்து விழும். பூனை காட்டிக்கொள்ளாது. ஓரமாகப் போய்ச் சுருண்டு படுத்துக்கொள்ளும். நாம் தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம். நமக்குத் தெரியவரும்போது நோய் பாதி தூரம் போயிருக்கும். அதற்கு முன்னாலேயே சொல்வது தராசு ஒன்றுதான்.

நீ கேக் செய்ய வாங்கி வைத்திருக்கிறாயே, அந்தச் சின்ன டிஜிட்டல் தராசு போதும். மேலே ஒரு ஆழமான பிளாஸ்டிக் டப்பாவை வைத்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, கடுகை உள்ளே விடு. உடனே முன்கால் இரண்டையும் விளிம்பில் வைத்து ஏறப் பார்ப்பாள், எண் மேலும் கீழும் ஓடும். டப்பாவின் அடியில் ஒரு பழைய துணியைப் போட்டுத் துளி சாப்பாட்டைத் தடவி வை. அதை நக்குகிற நேரத்தில் எண் நிலைக்கும். காலையில் சாப்பாடு போடுவதற்கு முன், ஒரே நேரத்தில் பார். தினசரி காலண்டரில் எழுதாதே, தாளைக் கிழித்தால் கணக்கும் சேர்ந்து போய்விடும். மாதக் காலண்டரில் அந்தந்தக் கட்டத்துக்குள் எழுது.

இந்த வயசில் நாளைக்கு 10 முதல் 15 கிராம், வாரத்துக்கு ஏறக்குறைய 100 கிராம் ஏற வேண்டும். ஒருநாள் ஏறவில்லை என்றால் பதறாதே, கக்கா போனதற்கு முன்னா பின்னா என்பதிலேயே சில கிராம் மாறும். அடுத்த நாளும் அதே எண்ணில் நின்றால் என்னைக் கூப்பிடு. குறைந்தால் என்னைக் கூப்பிட வேண்டாம், ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு நேரே டாக்டரிடம் போ. அவள் உடம்பில் சேமிப்பு என்று எதுவும் கிடையாது. பெரிய பூனை ஒருநாள் பட்டினி தாங்கும். இவள் அரைநாள் வாய் வைக்காமல் கிடந்தாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கித் துவண்டு போவாள்.

சாப்பாட்டு விஷயத்தில் உன் அம்மா சொல்வதைக் கேட்காதே. "நம்ம வீட்டு வெள்ளச்சி பால்சாதம் தின்னுதானே அத்தனை வருஷம் இருந்தா" என்று என்னிடமும் சொன்னாள். உண்மைதான், பாட்டி தேங்காய்க் கொட்டாங்கச்சியில் பால்சாதம் போடுவாள், அவளும் தின்பாள். ஆனால் ராத்திரி முழுக்க அவள் நெல் குதிரைச் சுற்றி எலி பிடித்தது யாருக்கு ஞாபகம் இருக்கிறது? பல்லி, அணில், ஓணான் ஒன்றையும் விட்டதில்லை. அவள் உடம்பு அந்த எலியில் வளர்ந்தது, பால்சாதம் வெறும் மேல்வரும்படி. பெரம்பூரில் மூன்றாவது மாடியில் கடுகுக்கு எலி எங்கிருந்து வரும்?

பூனை உடம்புக்கு டாரின் என்று ஒரு சத்து வேண்டும். நம் உடம்பு தானே அதைச் செய்துகொள்ளும், பூனைக்குப் போதுமான அளவு செய்துகொள்ள முடியாது. கறியிலும் மீனிலும்தான் கிடைக்கும், சோற்றிலும் பருப்பிலும் கிடையாது. அது குறைந்தால் கண்ணின் விழித்திரை கெட்டுப் பார்வை போகும். இதயத் தசை தளர்ந்து விரிந்துபோவதும் அதனால்தான் என்று 1987-ல் கலிஃபோர்னியாவில் கண்டுபிடித்தார்கள். கம்பெனிக்காரர்கள் பூனைச் சாப்பாட்டில் அதைக் கூட்டிச் சேர்க்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். நீ சுத்த சைவம், வீட்டில் கறி சமைக்கமாட்டாய் என்று தெரியும். உன்னைச் சமைக்கச் சொல்லவில்லை. பூனைக்குட்டிகளுக்கென்றே எழுதியிருக்கிற பாக்கெட்டை வாங்கு. பெரிய பூனைக்கானதும் வேண்டாம், நாய்க்கானது வேண்டவே வேண்டாம். ஈரச் சாப்பாடு நல்லது. உலர்ந்தது என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக மசித்துக் கொடு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே வைக்காதே. சில்லென்று இருந்தால் வாசனை எழும்பாது, வாசனை இல்லையென்றால் பூனை திரும்பிக்கூடப் பார்க்காது.

ஒரு நாளைக்கு நாலு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. நீ ஒன்பது மணிக்குக் கிளம்பினால் ராத்திரி ஏழு மணிக்குத்தான் வருகிறாய். நடுவில் ஒரு வேளையாவது விழ வேண்டும். உன்னோடு தங்கியிருக்கிற பெண்ணுக்கு மதிய ஷிஃப்ட் என்றாயே, அவளிடம் கூச்சப்படாமல் கேள். உனக்கு உதவி கேட்பதென்றால் நாக்கு எழும்பாது, சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். உனக்காகக் கேட்க வேண்டாம், குட்டிக்காகக் கேள்.

பசும்பால் வேண்டாம். பால் சர்க்கரையை அவள் குடல் செரிக்காது, பேதியாகும், அந்தப் பேதியில் உடம்புத் தண்ணீரெல்லாம் போய்விடும். தோள் நடுவில் தோலை லேசாகத் தூக்கிவிட்டுப் பார். சட்டென்று பழையபடி படிய வேண்டும். மடிப்பு அப்படியே நின்றால் நீர் வற்றியிருக்கிறது என்று அர்த்தம்.

"வயிறு கும்முனு இருக்கு சித்தி, நல்லா சாப்பிடறா" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் சித்தப்பா பேப்பரைக் கீழே வைத்துவிட்டார். முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டு வயிறு மட்டும் உப்பியிருந்தால் அது சாப்பாடு இல்லை கண்ணு, பூச்சி. உருண்டைப் புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடும், அதனால் தெருக்குட்டிகளில் அநேகமாக எல்லாவற்றுக்கும் இருக்கும். பூச்சி மருந்தை டாக்டர் எடை பார்த்துத்தான் கொடுப்பார். அதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை என்று ஆறு மாதம் வரை தொடர வேண்டும். மருந்து கொடுத்த மறுநாள் கக்காவில் நூல்நூலாக வந்தால் பயந்துவிடாதே, வருவதுதான் நல்லது. பின்பக்கத்தில் அரிசி மாதிரி ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு. அது தெள்ளுப்பூச்சி வழியாக வருவது.

தெள்ளுக்குப் பேன் சீப்பால் வாரிப் பார். சீப்பில் வரும் கறுப்புப் பொடியை ஈரமான வெள்ளைப் பேப்பரில் தட்டு. சிவப்பாகக் கரைந்தால் அவள் ரத்தம்தான் அது. இத்தனூண்டு உடம்பில் நிறையத் தெள்ளு குடித்தால் ரத்தசோகையே வந்துவிடும், ஈறு வெளுத்துப்போகும். ஆனால் கடையில் நாய்க்கென்று விற்கிற தெள்ளு மருந்தைத் தொடாதே, அதில் பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது, பூனைக்கு அது விஷம். உடம்பு சுடுகிறதே என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதே. பூனைக்கு இயல்பான சூடே 100.5 முதல் 102.5 டிகிரி, நம் கைக்கு எப்போதும் சுடத்தான் செய்யும். ஒரு பாரசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும்.

இப்போது நான் எழுதத் தயங்கிய விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளச்சியின் கடைசி ஈற்றுக் குட்டிகள் உனக்கு ஞாபகம் இருக்குமே. ஒன்றன்பின் ஒன்றாக வாந்தி, ரத்தமும் சளியுமாகப் பேதி, தண்ணீர்க் கிண்ணத்தின் மேலேயே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும், ஆனால் குடிக்காது. நீ கூடத்தில் அதுகள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாய், சோறு இறங்கவில்லை உனக்கு. பாட்டி திருஷ்டி என்றாள். அது திருஷ்டி இல்லை, பான்லூகோபீனியா என்கிற வைரஸ். தடுப்பூசி போட்டிருந்தால் வந்திருக்காது, அந்தக் காலத்தில் பூனைக்கு ஊசி என்று நம் தெருவில் யாருக்குத் தெரியும்? அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், செருப்பிலேயே வீட்டுக்குள் வந்துவிடும். உங்கள் மாடிப்படிக்குக் கீழே வேறு பூனைகள் இருக்கின்றன. ஆகவே செருப்பை வாசலுக்கு வெளியே விடு, கையைக் கழுவிவிட்டுக் குட்டியைத் தொடு. தரையைப் பிளீச்சிங் கலந்த தண்ணீரில் துடை, காயும்வரை அவளை அங்கே விடாதே.

ஊசி ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதலாவது, அப்புறம் மூன்று நாலு வாரத்துக்கு ஒன்று, நாலு மாதம் ஆகும்வரை. ஒன்று போட்டால் போதாதா என்று கேட்பாய். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி ரத்தத்தில் இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது. அது எப்போது தீரும் என்று வெளியிலிருந்து தெரியாது, அதனால்தான் விட்டு விட்டுப் போடுகிறார்கள். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசியும் உண்டு. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி உனக்குப் பக்கம்தான், 1903-லிருந்து இருக்கிற இடம், சித்தப்பாவுக்கு அதன் மேல் தனி மரியாதை. காலையிலேயே போய்விடு. அதோடு வீட்டுக்குப் பக்கத்தில் ராத்திரி கூப்பிட்டால் எடுக்கிற ஒரு டாக்டரின் நம்பரும் கையில் இருக்கட்டும்.

இத்தனையும் செய்தும் சில தெருக்குட்டிகள் தங்குவதில்லை அனு. உன்னிடம் மறைத்து எழுத எனக்கு மனசு வரவில்லை. அப்படி ஏதாவது ஆனால் நீ சரியாகப் பார்க்காததால்தான் என்று உன்னையே நீ தின்றுகொள்ளக் கூடாது. அப்பா விஷயத்தில் நீ செய்ததை நான் பார்த்தேன். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு இன்னும் கொஞ்சம் முன்னால் போயிருக்கலாம் என்று இன்னமும் நினைக்கிறாய், எனக்குத் தெரியும். டாக்டர்களே அப்படிச் சொல்லவில்லை கண்ணு. அந்தப் பாரத்தை இந்தக் குட்டி மேல் ஏற்றிவிடாதே.

உன் கையைப் போட்டோவில் பார்த்தேன், மணிக்கட்டு முழுக்கக் கீறல். என்னடி இது? தெருவிலிருந்து வந்த குட்டி, ஊசி போடாதது. சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவினாயா? கழுவியிருந்தாலும் நாளைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டு, வெறிநாய்க்கடி ஊசி அங்கே இலவசமாகப் போடுவார்கள். குட்டிதானே என்று அலட்சியம் பண்ணாதே. அவளுக்கு டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் உனக்குப் பார். இனிமேல் விரலை ஆட்டி விளையாட்டுக் காட்டாதே, விரல் என்றால் கடிக்கிற சாமான் என்று பழகிவிடும்.

கடுகு மாதிரி மூன்று நிறம் இருந்தாலே அநேகமாகப் பெட்டைதான். நாலைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும், அதற்குள் கருத்தடை ஆபரேஷனுக்கு டாக்டரிடம் கேட்டு வை. இது அவசரமில்லை, மறக்காமல் இருந்தால் போதும். பால்கனிக்கு வலை அடிப்பதுதான் அவசரம்.

நீ வெள்ளிக்கிழமை வாங்குகிற மல்லிகைச் சரத்தை அவள் எட்டுகிற இடத்தில் வைக்காதே. பூ ஒன்றும் பண்ணாது, நூல்தான் ஆபத்து. பூனை நாக்கில் முள் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும், நூல் ஒருமுறை மாட்டினால் துப்பத் தெரியாது, உள்ளேதான் போகும். போய்க் குடலைச் சுருக்கி அறுத்துவிடும். தைக்கிற ஊசிநூல், தலை கட்டுகிற ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு மூடு. வாயிலோ பின்பக்கத்திலோ நூல் தொங்கினால் நீயே பிடித்து இழுக்காதே, டாக்டர்தான் எடுக்க வேண்டும்.

உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அவளுக்குப் பூனை மேல் கோபம் இல்லை, நீ தனியாக இருக்கிறாயே என்கிற கவலைதான். இந்த வாரம் நீயே கூப்பிட்டுக் கடுகைப் பற்றி ஒரு ஐந்து நிமிஷம் பேசு.

தீபாவளி முறுக்கும் மனோகரமும் நாளைக்குப் பார்சலில் போடுகிறேன். அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போடாதே, பழைய புடவைத் துணி விரித்து வைத்தால் அவள் அதில் படுத்துக்கொள்வாள், டைல்ஸ் தரை மழைக்குச் சில்லிடும். மேலே சுற்றியிருக்கிற சணலை மட்டும் அவிழ்த்த கையோடு வெளிக் குப்பையில் போட்டுவிடு.

அன்புடன்
உன் சித்தி