மேல்தளத்துப் பூச்சு

கடற்கரை ஓரத்தில் வீடு கட்டுவோர் காற்றை எண்ணி மகிழ்கின்றனர்; அது உப்பையும் சுமந்து வருவதை நினைப்பதில்லை. சென்னையின் தென்பகுதியில், கொட்டிவாக்கத்தில் உள்ள எங்கள் இல்லமும் அத்தகையதே.

சென்ற கோடையில் மொட்டைமாடிக்கு வெயிலைத் தடுக்கும் வெண்பூச்சு அடிக்க விரும்பினேன். உம்மா உறங்கும் மாடியறை இரவிலும் கொதித்தது. பூச்சு வேலையில் முதிர்ந்த பெரியவர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் மொட்டைமாடிக்கு ஏறுமுன் உம்மாவின் அறைக்குள் சென்று, கூரையின் அடிப்புறத்தைக் கழியால் தட்டிக்கொண்டே வந்தார். கட்டிலுக்கு நேர்மேலே ஓசை மாறியது.

"பாய், இங்கே பொள்ளலாக இருக்கிறது. உள்ளே கம்பி துருப்பிடித்துவிட்டது. இதை விட்டுவிட்டு மேலே வெள்ளை அடித்தால் காசு எனக்கு, கவலை உங்களுக்கு" என்றார்.

உப்பீரம் கான்கிரீட்டினுள் இறங்கினால் கம்பி துருவேறிப் பருக்கும். அந்தப் பருமனைத் தாங்காது கான்கிரீட் வெடிக்கும். அவ்விடத்துப் பழுப்புக் கறையை உம்மா இருமுறை காட்டினார்கள். வயதானவர்களின் அச்சம் என்றெண்ணிச் சுண்ணாம்படித்து மறைத்தவன் நானே.

பொள்ளலைக் கொத்தியெடுத்து, துருவைத் தேய்த்து நீக்கி, காப்புப் பூசிக் கலவையால் அடைத்தார்கள். அதன்பின்னரே மேல்தளம். நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவினார். அதிகாலை ஈரம் உலரும்வரை தூரிகையைத் தொடவில்லை. (எனக்கோ பொறுமையில்லை.) முதற்பூச்சு காய்ந்ததும், வெள்ளையை ஒருமுறை நீளவாக்கிலும் மறுமுறை குறுக்குவாக்கிலும் அடித்தார். ஐப்பசி மழையில் கூரை கசியவில்லை. அறையின் வெப்பமும் தணிந்திருக்கிறது.

கொத்தும்போது விழுந்த காரைத்துண்டு ஒன்று உள்ளங்கையிலும் பெரியது. உம்மா அதைச் சன்னலோரம் வைத்திருக்கிறார்கள். எடுத்தெறியச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.