பூசக் கூடாத இடங்கள்

என் பழைய மோட்டார் சைக்கிளின் பிரேக் பாகங்களுக்கு வீட்டிலேயே வண்ணம் பூசியதைக் கண்ட ஆய்வு நண்பர்கள் சிலர் செய்முறை கேட்டிருந்தார்கள். எந்த வண்ணம், எத்தனை பூச்சு, எவ்வளவு நேரம் உலர வேண்டும் என்பன அவர்களுடைய கேள்விகள். எங்கே பூசக் கூடாது என்று ஒருவரும் கேட்கவில்லை. அறிய வேண்டியவற்றில் பெரும்பகுதி அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

எனக்கு அதைக் கற்பித்தது பீன்யா. 1970களில் உருவான இத்தொழிற்பேட்டையின் குறுக்குத் தெருக்களில் பவுடர் கோட்டிங் பட்டறைகள் பல உண்டு. மின்னூட்டம் பெற்ற வண்ணத்துகளை உலோகத்தின்மீது தூவி, ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சூளையிலிடுவது அத்தொழில். தூவுவதற்குச் சில நிமிடங்களே ஆகின்றன. அதற்கு முந்தைய வேலைதான் நீண்டது. மரையுள்ள ஒவ்வொரு துளையிலும் சிலிக்கோன் அடைப்பானைச் செருகுகிறார்கள். இன்னொரு பாகத்தோடு பொருந்தும் பரப்புகளில் வெப்பம் தாங்கும் டேப்பை ஒட்டுகிறார்கள். அங்கே கைத்திறன் என்பது மூடத் தெரிவதே.

பிரேக், ஓட்டத்தை உராய்வால் வெப்பமாக மாற்றும் கருவி. டிஸ்க்கின் உராயும் பரப்பு, டிரம்மின் உட்புறம், பேட், ஷூ ஆகியவற்றில் பூச்சு படவே கூடாது என்பது எளிதில் விளங்கும். காலிப்பரின் பிஸ்டன், அது நகரும் பின்கள், பின்சக்கரத்து ஷூக்களை விரிக்கும் கேம் தண்டு ஆகியவையும் வெறுமையாகவே இருக்க வேண்டும். போல்ட் அமரும் இடத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அங்கே தடித்த பூச்சு இருந்தால் இறுக்கத்தில் நசுங்கி உதிரும். போல்ட்டின் இறுக்கமும் தளரும். டிரம் பிரேக்கின் வெளித்தட்டில் ஷூவின் தேய்மானத்தைக் காட்டும் சிறு குறி பல வண்டிகளில் உண்டு. அழகுக்காக அதை மூடிவிட்டால், ஷூ தேய்ந்ததை அறிவிக்கும் ஒரே வெளிச்சான்று மறைந்துபோகும்.

அப்படியானால் பூசத்தான் வேண்டுமா? வேண்டும். காலிப்பரைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் துரு தடித்தால் பேட் நகர இயலாமல் சிக்கிக்கொள்ளும். உராயாத பரப்பைத் துருவிலிருந்து காப்பது, அசையும் பாகங்கள் தடையின்றி அசைவதற்குத்தான்.

வீட்டில் செய்வோர் பிரேக் ஆயில் குழாயைக் கழற்றாமல், காலிப்பரை மட்டும் இறக்கி, குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி நிறுத்துவது நல்லது. பேட்களை எடுத்துவிட்டு, பிஸ்டனையும் ரப்பர் உறைகளையும் மூடிய பிறகே கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும். பெட்ரோலாலோ மண்ணெண்ணெயாலோ கழுவுவது நம்மிடையே பரவலான வழக்கம். பிரேக் ஆயிலுக்கென்று செய்யப்பட்ட ரப்பர் சீல்கள் பெட்ரோலியப் பொருள் பட்டால் உப்பிவிடும்; பிஸ்டன் சிக்கும். பிரேக் கிளீனரோ ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலோ போதும். டிரம்மைத் திறந்ததும் தூசியை வாயால் ஊதுவதும் கூடாது. பழைய ஷூக்களில் கல்நார் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைப்பதே தக்கது.

வெப்பம் தாங்கும் என்று டப்பாவில் எழுதியிருப்பது மட்டும் போதாது. டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயில் சாதாரண வண்ணப்பூச்சைக் கரைத்துவிடும். அதைத் தாங்கும் காலிப்பர் பெயிண்ட்டையே வாங்க வேண்டும். மெல்லிய பூச்சுகளாக அடித்து, நன்கு உலரவிட்டு, பாகங்களை மாட்டிய பிறகு வண்டியை நகர்த்துமுன் பிரேக் பிடியைப் பலமுறை அழுத்துங்கள். பின்னே தள்ளப்பட்ட பிஸ்டன் மீண்டும் பேட்டைத் தொடும்வரை அந்தப் பிடியில் பிரேக்கே இல்லை.

மிஞ்சிய தின்னரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பீன்யாவின் நிலத்தடி நீரில் ஆறிணைதிறன் குரோமியம் கலந்திருப்பதை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. உலோகத்துக்கு மெருகேற்றும் தொழில்களின் கழிவு நெடுங்காலமாக மண்ணில் இறங்கியதன் விளைவு அது. பளபளப்புக்கான விலையை வேறொருவரின் ஆழ்துளைக் கிணறு செலுத்தக் கூடாது.

உதவித்தொகைக்குள் பழைய வண்டி தேடும் மாணவர்களுக்கு ஒரு சொல். விற்பனைக்கு நிற்கும் வண்டியின் பிரேக்கில் புதுப்பூச்சைக் கண்டதும் மகிழ்ந்துவிடாதீர்கள். குனிந்து போல்ட் தலைகளைப் பாருங்கள். போல்ட்டும் அதைச் சுற்றியுள்ள உலோகமும் ஒரே படலமாகப் போர்த்தப்பட்டிருந்தால், பெரும்பாலும் எதையும் கழற்றாமலே தூவியிருக்கிறார்கள் என்று பொருள். உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைப் பூசியவரும் பார்த்திருக்க மாட்டார்.