நகராத தோணி

"பிள்ளை நல்லாப் பெருத்திட்டா போல. இப்பவே கவனிக்காட்டி பிறகு மாப்பிள்ளை பார்க்கக் கஷ்டம்."

சென்ற வருடம் ஒரு கலியாண வீட்டில் மாமி ஒருவர் சொன்ன வார்த்தை இது. சஹனைச் சுற்றியிருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகு ஒரு பிடி சோறும் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

எங்கள் ஊர் கிண்ணியா. காலையில் ஒரு பெண்பிள்ளை வீதியில் ஓடினால் ஊரே திரும்பிப் பார்க்கும். ஆனால் எங்கள் வீட்டு அறையொன்றில் ஒரு ரோவிங் மெஷின் கிடந்தது. கத்தாரிலிருந்து திரும்பிய சாச்சாவின் சாமான்களோடு வந்தது. இரண்டு வருடமாக அதில் உடுப்புத்தான் காய்ந்தது.

தோணி வலிப்பது போன்ற அசைவை வீட்டுக்குள்ளேயே தரும் இயந்திரம் அது. முன்னும் பின்னும் வழுக்கும் இருக்கை, கால் வைக்கும் பலகை, சங்கிலியில் பூட்டிய கைபிடி, முன்னால் காற்றாடிச் சக்கரம். எவ்வளவு பலமாக இழுக்கிறோமோ, அவ்வளவு பலமாகக் காற்று எதிர்க்கும்.

மாமியின் வார்த்தை காதில் ஒலிக்க, நான் வெறியோடு தொடங்கினேன். காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் நெம்பை 10இல் வைத்தேன். காலைச் சாப்பாட்டை நிறுத்தினேன். கையால் இழுத்தேன், இழுத்தேன். நான்காம் நாள் முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டாம் வாரம் கண் இருண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். தராசில் இரண்டு கிலோ குறைந்தது. அடுத்த வாரமே அது திரும்பி வந்தது.

அன்று என்னைப் பார்த்தவர் மூத்தப்பா. இயந்திரப் படகு வருமுன் கொட்டியாரக் குடாவில் தண்டு வலித்து மீன் பிடித்தவர்.

"மகள், கையால மட்டும் வலிச்சாக் கரைக்கு வந்து சேரமாட்டாய். முதல்ல காலை ஊண்டித் தள்ளு. பிறகு முதுகு. கை கடைசி. வெறும் வயித்தோட ஆரும் தண்டு வலிக்கப் போறல்ல."

உயிரியல் படிக்கும் எனக்கு அப்போதுதான் புரிந்தது. உடம்பின் மிகப் பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும்தான் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டுக் கையை வதைத்திருக்கிறேன். நெம்பும் சைக்கிள் கியர் போன்றதுதான். அதை உயர்த்தி வைத்ததால் மட்டும் கொழுப்பு அதிகம் கரையாது. அதை 4இல் வைத்தேன்.

இப்போது சுபஹ் தொழுது, ஒரு வாழைப்பழம் சாப்பிட்டு, பிஸ்மி சொல்லி உட்காருவேன். இருபது நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். நிமிடத்துக்கு 22 தடவை வலிப்பேன். தொடக்கத்தில் 500 மீற்றருக்கு 3 நிமிடம் 20 விநாடி எடுத்தது. இப்போது 2 நிமிடம் 40 விநாடி.

தராசு என்ன சொல்கிறது? நான்கு மாதத்தில் இரண்டரைக் கிலோ. அவ்வளவுதான். அரை மணித்தியாலம் வலித்தாலும் என் எடையுள்ள ஒருவருக்குச் செலவாவது 200 கலோரியைச் சற்றுத் தாண்டும். அது ஒரு கோப்பைச் சோற்றுக்குச் சமம். மெஷின் மட்டும் யாரையும் மெலிய வைக்காது. நாளைக்கு நான்கு சீனித் தேத்தண்ணி குடித்த நான் ஒன்றோடு நிறுத்தியதும் இதில் சேர்ந்தது. ஆனால் முன்பு பாடசாலையின் மூன்றாம் மாடிக்கு ஏறினால் மூச்சு வாங்கும். இப்போது வகுப்புவரை கதைத்துக்கொண்டே ஏறுகிறேன்.

இன்னொன்றும் நடந்தது. உம்மாவுக்கு நாற்பது வயதிலேயே சீனி வருத்தம் வந்தது. நாளை எனக்கும் வரலாம். வேலை செய்யும் தசை இரத்தத்திலுள்ள குளுக்கோசை இழுத்தெடுக்கும் என்று ஒரு நாள் அவவுக்குச் சொன்னேன். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு இஷாவுக்குப் பிறகு அறைக் கதவைச் சாத்திவிட்டு, "எனக்கும் காட்டித் தா" என்றா. டொக்டரிடமும் கேட்டுவிட்டு, இப்போது தினமும் பத்து நிமிடம் வலிக்கிறா. "காலால தள்ளுங்க உம்மா" என்று நான் சொல்ல, வியர்வையோடு சிரிக்கிறா. உம்மா தனக்கென்று பத்து நிமிடம் எடுத்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அடுத்த மாதம் இன்னொரு கலியாணம். அந்த மாமியும் வருவா. அவவின் கண்ணுக்குத் தெரியுமளவு நான் மெலியவில்லை. "இந்த உடம்பு அல்லாஹ் தந்த அமானிதம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன் மாமி" என்று சொல்ல வாய் வருமோ தெரியாது. ஆனால் சஹனில் என் பங்கைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழும்புவேன்.