கிறுக்கனுக்குத் தெரு தெரியுமா?

2015 ஜூனில் நானும் அம்மாவும் அமெரிக்காவில் அண்ணன் வீட்டில் இருந்தோம். 17ஆம் தேதி ராத்திரி, தெற்கு கரோலினா மாநிலம் சார்ல்ஸ்டனில், கறுப்பர்களின் இமானுவேல் தேவாலயத்துக்குள் 21 வயது வெள்ளைக்காரன் ஒருவன் போனான். வேதபாடம் நடந்துகொண்டிருந்தது. வா என்று உட்காரவைத்தார்கள். கண்மூடி ஜெபம் பண்ணும்போது சுட்டான். போதகர் பிங்க்னியோடு 9 பேர் செத்தார்கள்.

மறுநாள் சோத்துத் தட்டு முன்னாடி சண்டை. "மூளை கொழம்புனவன்" என்றான் அண்ணன். "துப்பாக்கிதான் காரணம்" என்றேன் நான். 3 நாளில் விசாரணை முடியாவிட்டால் கடைக்காரன் விற்கலாம் என்ற சட்டத்தில்தான் அவனுக்குத் துப்பாக்கி கிடைத்தது என்பது பிறகு தெரிந்தது.

அம்மா கையை உதறினாள். "கிறுக்கன்னா பக்கத்து வீட்ல சுடவேண்டியதுதான? கறுப்பு ஆளுக கோயில எப்பிடிடா தேடிப் போனான்? நம்ம தெருவக் கொளுத்துனப்பவும் குடிவெறின்னுதான் சொன்னாங்க. குடிச்சவனுக்கு ஊர்த்தெரு எது, சேரி எதுன்னு நல்லாத் தெரிஞ்சிருந்துச்சு."

"அதையும் இதையும் ஒன்னாக்காதம்மா" என்று அண்ணன் எழுந்து போனான். அங்கிருக்கிற தமிழர்கள் யாரிடமும் அவன் எங்கள் தெருவைச் சொன்னதில்லை. ஒளிந்து வாழ்கிறவனுக்கு, கொன்றது கிறுக்கு என்றால்தான் தூக்கம் வரும். நான் சொன்னதும் எதால் கொன்றான் என்பதுதான். யாரை, ஏன் என்று கேட்டது அம்மா மட்டும்.

2016 டிசம்பரில் நீதிமன்றம் அதை வெறுப்புக் குற்றம் என்றே தீர்த்தது. அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அம்மாகிட்ட சொல்லு" என்றான். வேறெதுவும் பேசவில்லை.